அங்கம்மா அடுக்கிய ஆறாவது நெரை

“நீ பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்ச புள்ளதானே, சொல்லு பாப்போம். ஒரு புள்ள நடக்கறப்ப யோசன தலையில ஓடுதா, காலுல ஓடுதா?”

அங்கம்மா இப்படிக் கேட்டது 1980ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில். அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் நான் பதுளையில் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருந்தேன். விஞ்ஞானத் தாளில் மூளையின் படத்தை வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியவள். “தலையிலதான்” என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை.

“சரி. மருதாயி சும்மா ஒக்காந்திருக்கறப்ப எது சொன்னாலும் முழிக்கிறா. என் கால் மேல ஏத்தி நாலு எட்டு நடத்துனா மட்டும் நான் சொல்றது அவளுக்குப் புரியுதே, அது எப்புடி?”

பணிஸ் ரொட்டிக் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன்.

என் பெயர் நளீரா. ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையில் ஒரு முச்சந்தியில் என் வாப்பா லத்தீபின் கடை இருக்கிறது. அதற்கு மேலே ஒரு தோட்டம். அங்கே இன்றும் அதே மனிதர்கள் வாழ்வதால் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அந்தத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு ஒவ்வொரு நாளும் எங்கள் கடையிலிருந்துதான் பணிஸ் போகும். பரீட்சை முடிந்த பிறகு அதைக் கொண்டுபோகும் வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். “இவளுக்கு வீட்ல இருக்க ஏலாத கால்” என்று உம்மா திட்டுவார். அது உண்மைதான்.

பிள்ளை மடுவம் என்பது கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை, முன்னால் மண் முற்றம். உத்தரத்தில் சாக்குத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். தொட்டில் பிள்ளைகள் ஒன்பது, நடக்கும் பிள்ளைகள் ஐந்து. எல்லோரையும் பார்த்துக்கொள்ள ஒரே ஆள் அங்கம்மா. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

அவரும் முன்னர் கொழுந்து பறித்தவர். 1971இல் மழை நாளொன்றில் நிறைந்த கூடையோடு சறுக்கி, கானுக்குள் தலை அடிபட விழுந்துவிட்டார். கான் என்று சொல்வது மலையில் தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்காலை. பதுளையில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது கால் வரவில்லை, பெயர்களும் வரவில்லை. பிள்ளைகளின் பெயர், லயத்து வரிசை வீடுகளின் அயலவர் பெயர், சாமான்களின் பெயர் எல்லாம் போய்விட்டன.

“புருஷன் பேருமா மறந்துச்சு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதுவும்தான். ஆனா அவரு பேர நாங்க எந்த நாள்ல வாயால சொல்லியிருக்கோம்? மறந்தது அவருக்கே தெரியாது. அதுல ஒரு நட்டமும் இல்ல.”

சிரித்துவிட்டு மீதியைச் சொன்னார். காலைப் பழக்க வேண்டும் என்று கானின் ஓரமாகத் தினமும் நடந்தாராம். ஒரு எட்டுக்கு ஒரு பெயர். பெயர் வரும்வரை அடுத்த எட்டு வைப்பதில்லை. ஆரம்பத்தில் பத்து எட்டு நடக்க ஒரு காலைப்பொழுது முழுவதும் போகும். எட்டு மாதம் இப்படி நடந்ததில் கால் பாதி வந்தது, பெயர்கள் முழுவதும் வந்தன. “ஒக்காந்து யோசிச்சப்ப ஒரு பேரும் வரல. கால வச்சப்பதான் ஒவ்வொண்ணா வந்துச்சு.” அவர் யாரிடமும் படித்ததில்லை. அந்தக் கானின் ஓரத்தில் தெரிந்துகொண்டதுதான் அவருக்குத் தெரிந்தது.

மருதாயியை நான் முதலில் பார்த்த நாளை இப்போது எழுத வேண்டும். ஜனவரி மாதம் அது. ஒரு பணிஸ் மிஞ்சியிருந்தது.

“நானா மகளே, இத மேட்டு லயத்துக் கடைசி காம்பராவுல குடுத்துட்டு வர்றியா? கதவு சாத்தியிருக்கும். தள்ளுனா தொறக்கும்” என்றார் அங்கம்மா. வாப்பாவைத் தோட்டத்தில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தள்ளினேன். உள்ளே இருட்டு. கண் பழகியதும் தரையில் ஒரு சிறுமி தெரிந்தாள். ஏழு வயது இருக்கும். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தகரத் தட்டு ஒன்று. அவளுடைய வலது கணுக்காலிலிருந்து ஒரு கயிறு கட்டில் காலுக்குப் போயிருந்தது. கால் உரசாமல் இருக்கக் கயிற்றைச் சுற்றிப் பழைய சேலைத் துணி ஒன்றை யாரோ அக்கறையாகத் தைத்திருந்தார்கள். அந்தத் தையலைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவசரத்தில் ஒருநாள் கட்டிய கயிறாக இருந்தால் அதற்குத் துணி தைத்திருக்க மாட்டார்கள்.

பணிஸை வைத்தேனா, போட்டேனா என்று நினைவில்லை. ஓடி வந்தேன்.

“அங்க ஒரு புள்ளயக் கட்டி வச்சிருக்காங்க!”

“ஆமா” என்றார் அங்கம்மா.

“ஆமாவா? ஒங்களுக்குத் தெரியுமா?”

“தோட்டத்துக்கே தெரியும். அதான் ஒன்ன அனுப்புனேன். எங்களுக்கெல்லாம் கண்ணு பழகிப் போச்சு. ஒனக்குத் தூக்கிவாரிப் போடுதான்னு பாக்கணும்னு நெனச்சேன். போட்டுருச்சு. அப்ப இது தப்புதான்.”

இரண்டாவது தடவை அதிர்ந்தது அதைக் கேட்டுத்தான். ஒரு தப்பு தப்பா என்று தெரிந்துகொள்ள, அதைப் பார்த்துப் பழகாத ஒருத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பொன்னையாவும் கருப்பம்மாவும் கெட்டவர்கள் இல்லை. மருதாயியின் தாய் தகப்பன் அவர்கள்தான். இரண்டு பேரும் விடிந்ததும் மலைக்குப் போக வேண்டும். மருதாயிக்குப் பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கோபம் வந்தால் கடிப்பாள். ஐந்து வயதில் ஒருநாள் வெளியே போனவளைப் பள்ளத்துக்குள்ளே ஓடையில், இடுப்பளவு தண்ணீரில் கண்டுபிடித்திருக்கிறார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை மடுவத்தில் ஐந்து வயதுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். அதன் பிறகு கயிறுதான்.

அடுத்த நாளே அங்கம்மா அந்தக் காம்பராவுக்குக் காலை இழுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையை அவிழ்த்துக் கூட்டி வந்தார். கருப்பம்மாவுக்கு மட்டும் சொன்னார். பொன்னையாவுக்குத் தெரிந்தபோது, “எப்பவாச்சும் காணாமப் போனா ஒன்னத்தான் கேப்பேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மடுவத்து முற்றத்தில் அங்கம்மா ஏற்கெனவே பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டு வைத்திருந்தார். தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று நடக்கும். எல்லோரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பார்கள். கொழுந்து பறிப்பவர்களுக்கு ஆளுக்கொரு நெரை கிடைக்கும். நெரை என்றால் தேயிலைச் செடிகளின் ஒரு வரிசை. இதையே அங்கம்மா சின்னதாக்கியிருந்தார். முற்றத்தில் ஐந்து வரிசை கற்கள், ஐந்து பிள்ளைகளுக்கு. கூடைக்குப் பதிலாகப் பால்மா டின். அதில் கயிறு கட்டித் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட வேண்டும்.

“நல்லையா!” என்று கங்காணிக் குரலில் கூப்பிடுவார். நல்லையா நாலு வயதுக்காரன்.

“வந்தேங்க!”

“வந்தியா, தூக்கிட்டு வந்தாங்களா?”

“நடந்துதாங்க வந்தேன்!”

“மூக்குல ஒழுகுதே, அது தனியா நடந்து வந்துச்சா?”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பேர் கூப்பிடும்வரை யாரும் நெரையில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் வீட்டுக்கு விரட்டுவதுபோல் நடிப்பார். வலப்பக்கத்துக் கல்லில் இருக்கும் இலையை இடது கையால் எடுக்க வேண்டும், இடப்பக்கத்து இலையை வலது கையால். எடுத்துத் தோளுக்கு மேலால் டின்னுக்குள் போட வேண்டும். கை தட்டினால் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு தட்டு என்றால் பின்பக்கமாக வர வேண்டும். பழகிவிட்டால் சட்டத்தை மாற்றிவிடுவார். “இன்னிக்கு மஞ்ச எல மட்டும். பச்சையத் தொட்டா கொழுந்து கழிவு!” கடைசியில் கயிற்று முடிச்சை அவிழ்த்து, டின்னைக் கொட்டி, மறுபடி கட்ட வேண்டும். அது கூடை முடிச்சு. பாரம் தொங்கினால் இறுகும், வாலைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் கழன்றுவிடும். அவிழாமல் சிக்கிக்கொண்டால் அழக் கூடாது. பக்கத்து ஆளின் கையை எடுத்து முடிச்சின் மேல் வைக்க வேண்டும். மலையில் பெண்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

மருதாயிக்காக அங்கம்மா ஆறாவது நெரையை அடுக்கினார். அந்தக் கற்களை நானும் பொறுக்கிக் கொடுத்தேன்.

முதல் மாதம் முழுவதும் அவள் நெரையில் தன் காலால் நடக்கவே இல்லை. அங்கம்மாவின் பாதங்களின் மேல் அவளுடைய பாதங்கள். பின்னாலிருந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அந்த நொண்டிக் காலோடு அங்கம்மா நடப்பார். கல்லுக்குக் கல் இரண்டே சொல்: “எடு. போடு. எடு. போடு.” மருதாயி கடித்த தழும்பு அங்கம்மாவின் முன்கையில் மூன்று இடத்தில் இருந்தது. என் கையிலும் ஒன்று இருக்கிறது. முதலில் எழுதிய அந்தக் கேள்வியை அவர் கேட்டது அந்த நாட்களில்தான்.

மார்ச்சில் ஒருநாள் கை தட்டியபோது மருதாயி நின்றாள். தற்செயல் என்று நினைத்தேன். அங்கம்மா மறுபடி நடத்தி, மறுபடி தட்டினார். நின்றாள். மூன்றாம் தடவை தட்டுவதற்குக் கையைத் தூக்கினார், தட்டவில்லை. மருதாயி நிற்காமல் திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள். யாரையும் பார்க்காத அந்தப் பிள்ளை ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

ஏப்ரலில் தன் காலால் நெரையை முடித்தாள். பேர் கூப்பிட்டால் “ந்தேன்” என்பாள். முதல் எழுத்து வராது. அந்த ஒரு சொல்தான் அவளுக்கு இருந்தது. கூடை முடிச்சை நானும் அவளும் ஒன்றாகத்தான் பழகினோம். எனக்கு நாலு நாள் ஆனது, அவளுக்கு ஆறு வாரம். எனக்குச் சிக்கியபோதெல்லாம் அவள் கையை எடுத்து என் முடிச்சின் மேல் வைப்பேன். பிறகு அவளும் என் கையை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

அதற்கிடையில் ஒரு வினை வந்தது. மருதாயி ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டாள் என்று அந்தப் பிள்ளையின் தாய் ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டாள். கிளாக்கர் ஐயா மடுவத்துக்கு வந்தார்.

“அங்கம்மா, இது மடுவம். சர்க்கஸ் இல்ல. வயசு மீறின புள்ள இன்னொரு தடவ கண்ணுல பட்டா நீ மலைக்குப் போகணும்.”

“இந்தக் காலோடயாங்க?”

“அந்தக் காலோடதான்.”

அவர் போனதும் அங்கம்மா என்னிடம் சொன்னார்: “என் காலு எப்புடியோ போகட்டும். நான் போயிட்டா இவ கட்டிலுக்குத்தான் திரும்பிப் போவா. அதான் எனக்குக் கவல.”

ஜூன் மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு, நான் பணிஸ் பிரித்துக்கொண்டிருந்தபோது, கீழ்ப் பாதையில் ஜீப் சத்தம் கேட்டது. தோட்டத்து நலன்புரி அதிகாரியும் பதுளையிலிருந்து ஒரு டாக்டரும் மடுவங்களைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒருவர் ஓடி வந்து சொன்னார். அங்கம்மா உள்ளே ஒரு குழந்தையைக் கழுவிக்கொண்டிருந்தார். மருதாயி முற்றத்தில் தன் டின்னோடு நின்றாள்.

நான் அங்கம்மாவிடம் கேட்கவில்லை. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் எழுதினேன். டின்னை நெரையிலேயே விட்டுவிட்டு, மருதாயியின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஓடினேன். கடைசி காம்பராவைத் தள்ளினேன். கயிறு கட்டில் காலிலேயே சுற்றிக் கிடந்தது. அதை அவிழ்த்துக் கையில் எடுத்தேன்.

மருதாயி கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து வலது காலை என் பக்கம் நீட்டினாள்.

அந்தக் காலை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் காலை இழுத்திருந்தால் நான் விட்டிருப்பேன். நீட்டிவிட்டாள். கட்டினேன். ஒரு முனை அவள் கணுக்காலில், மறுமுனை கட்டிலில். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி ஓடினேன்.

அதிகாரி தொட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார். டாக்டர் ஸுபைதா பதுளைக்காரர், எங்கள் சனம். முக்காட்டைச் சரிசெய்தபடி முற்றத்துக் கற்களைக் குனிந்து பார்த்தார்.

“இது என்ன, அங்கம்மா?”

“வெளையாட்டுங்க. நெரை.”

“எங்கே, செஞ்சு காட்டச் சொல்லுங்க.”

அங்கம்மாவின் கண் முற்றத்தைச் சுற்றியது. மருதாயி இல்லை என்று கண்டதும் என் பக்கம் வந்து நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பெரட்டுக் கூப்பிட ஆரம்பித்தார். நல்லையா, அடுத்தவன், அடுத்தவள். ஐந்து பேரும் “வந்தேங்க” சொல்லித் தங்கள் நெரைக்குப் போனார்கள். கங்காணிமார் வருஷக்கணக்காய்க் கூப்பிடும்போது செத்தவர்களின் பேரைக்கூட வாய் தவறிக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று சொல்வார்கள். ஆறாவது பேர் அங்கம்மாவின் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

“மருதாயி!”

சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அதிகாரி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

“ந்தேன்.”

முற்றத்தின் ஓரத்தில், கானுக்கு இந்தப் பக்கம், வேலிச் செடியின் அருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. பேர் கூப்பிடாமல் நெரையில் கால் வைக்கக் கூடாதே, அதனால் காத்து நின்றிருக்கிறாள். கையில் அந்தக் கயிறு. துணி தைத்த அதே கயிறு.

எல்லோரும் பார்த்திருக்க அவள் ஆறாவது நெரைக்கு வந்தாள். டின்னில் இருந்த கயிற்றைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தன் காலில் கட்டியிருந்த கயிற்றை டின்னில் கட்டினாள். கூடை முடிச்சு. தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். இடது கை, வலது கை, இடது கை. அங்கம்மா தட்டவே இல்லை, அவர் கைகள் அப்படியே தொங்கின. மற்றவர்களுக்கு அவர் தட்டியதைப் பார்த்திருந்த டாக்டர் ஸுபைதாதான் தட்டினார். ஒரு தட்டு. மருதாயி நின்றாள். இரண்டு தட்டு. பின்பக்கமாக வந்தாள்.

“இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?” என்று கேட்டபடி டாக்டர் அவள் காலருகே குனிந்தார்.

“ஏழரைங்க.”

“கணுக்காலில அது என்ன தழும்பு?”

அதிகாரிதான் கேட்டார்: “இவளை எங்கேயோ கட்டி ஒளிச்சு வச்சிருக்கீங்க. யார் செஞ்சது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கம்மா முன்னால் வந்தார்.

“நாந்தாங்க வச்சுக்கிட்டேன். வயசு மீறின புள்ளய மடுவத்துல சேத்தது என் தப்பு” என்றார் அங்கம்மா. கட்டியது யார் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன்.

பொன்னையாவுக்கு ஆள் போனது. கவ்வாத்து மலையிலிருந்து, செடி வெட்டும் கத்தியை இடுப்பில் செருகியபடியே வந்தார். மகள் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டு வந்தாள் என்றதும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

“யாரோ அவுத்து விட்டுட்டு வெளையாடுறீங்க. ரெண்டு வருஷமாக் கட்டி வச்சிருந்தேன், ஒரு நாளும் அவுத்ததில்ல.” டின்னிலிருந்து கயிற்றை உருவினார். “இப்ப அவுக்கச் சொல்லுங்க பாப்போம்!”

மருதாயி உட்கார்ந்து காலை நீட்டினாள். டாக்டர் ஸுபைதா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொன்னையா அவள் காலையும் மடுவத்து இஸ்தோப்புத் திண்ணைத் தூணையும் சேர்த்து மாட்டு முடிச்சுப் போட்டார். இரட்டை முடிச்சு, பெரியவர்களே பல்லால் கடித்துத்தான் அவிழ்ப்பார்கள்.

அவள் கயிற்றின் வாலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். நகத்தில் இரத்தம் வந்தது. கருப்பம்மா ஓடி வந்து நின்று அழுதார். “பாத்தீங்களா” என்றார் பொன்னையா. ஆனால் குரலில் கோபம் குறைந்திருந்தது.

மருதாயி இழுப்பதை நிறுத்தினாள். ஆடவில்லை, கத்தவில்லை. கயிற்றைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். பிறகு எட்டிப் பொன்னையாவின் கையைப் பிடித்து இழுத்து, முடிச்சின் மேல் வைத்தாள்.

“ந்தேன்” என்றாள்.

அவர் அப்படியே மண்டியிட்டார். கத்தியால் ஒரே வெட்டாக வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. விரல்களாலேயே முடிச்சை அவிழ்த்தார், நெடுநேரம் ஆனது. அவிழ்த்த கயிற்றைச் சுருட்டி அங்கம்மாவிடம் நீட்டினார்.

“இந்தாங்க அக்கா. கூடைக்கு ஆவும்.”

அதன் பிறகு மருதாயியை யாரும் கட்டவில்லை.

இங்கேயே முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் திடுக்கிட வைத்தது. அதிகாரியும் டாக்டரும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் வாதாடினார்கள். முடிவில் மருதாயி மடுவத்து முற்றத்துக்கு வரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சட்டத்தை மீறியதற்காக அங்கம்மாவை மடுவத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்குக் கதவு திறந்த அதே தாளில், திறந்தவரை வெளியே அனுப்பியிருந்தார்கள். “எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்மா” என்று டாக்டர் ஸுபைதா என்னிடம் சொன்னார். உடலை ஒழுங்காக அசைத்துப் பழக்கினால் இப்படிப்பட்ட பிள்ளைகளின் கவனமும் யோசனையும் வளரும் என்று வெளிநாடுகளில் சிலர் சொல்வதாகவும், தான் படித்தபோது அது ஒரு பாடத்தில் ஒரு வரிதான் என்றும் சொன்னார். அந்த ஒரு வரியை இங்கே ஆறு மாதமாக ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார்.

அங்கம்மாவைச் சமமான நிலத்தில் கொழுந்து எடுக்கப் போட்டார்கள். மடுவத்துக்கு வந்த புது ஆளுக்கு இந்த விளையாட்டுத் தெரியாது. ஆகவே அடுத்த திங்கட்கிழமை பணிஸ் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெரட்டுக் கூப்பிட்டவள் நான். கங்காணிக் குரல் எனக்கு வரவில்லை. நல்லையா, “அக்கா, நீங்க கூப்பிட்டா சந்தையில தேங்கா விக்கிற மாதிரி இருக்கு” என்றான். மருதாயி மட்டும் முகம் மாறாமல் “ந்தேன்” என்றாள்.

அவள் எல்லாப் பிள்ளைகளையும்போல ஆகிவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். ஆகவில்லை. இப்போது ஒன்பது வயது. பதினோரு சொற்கள் பேசுகிறாள். தனியாகப் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறாள். தாய் சொல்லும் இரண்டு வேலைகளை வரிசை மாறாமல் செய்கிறாள். கோபம் வந்தால் இன்னும் கடிப்பாள்.

போன வருடம் அங்கம்மாவின் குடும்பத்துக்கு இந்தியாவுக்குத் திரும்பிப் போகச் சொல்லும் அரசாங்கக் கடதாசி வந்தது. பதுளை ஸ்டேசனுக்கு வழியனுப்பப் போனோம். ரயில் புறப்படப் போகும் நேரத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

“அன்னைக்குக் கட்டினது நான்தான்.”

“தெரியும்” என்றார் ஜன்னலுக்குள்ளிருந்து. “பொன்னையா கட்டியிருந்தா அவ வந்திருக்க மாட்டா. கூடை முடிச்சாத்தான் இருக்கணும். அன்னைக்கு மடுவத்துல அது தெரிஞ்ச பெரியவங்க நாம ரெண்டு பேருதான்.” பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார்: “ஏன் புள்ள, ஒங்க கடையில சாக்கு மூட்டைக்கு ஒரு முடிச்சுப் போடுவீங்களே, கத்தி இல்லாம அவுக்க ஏலாத முடிச்சு. அது ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். பத்து வயதிலிருந்து தெரியும். அன்று எனக்கு அது நினைவிலேயே வரவில்லை. இழுத்தால் கழலும் முடிச்சைத்தான் என் கை போட்டிருந்தது.

“அப்ப அன்னைக்கு யோசிச்சது எது? ஒன் தலையா, கையா?”

ரயில் நகர்ந்துவிட்டது.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் லயத்திலோ தெருவிலோ சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை கட்டப்பட்டிருக்கலாம். உங்கள் கண்ணுக்கும் அது பழகியிருக்கலாம். அந்தப் பிள்ளையின் தாய்க்கு வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். கொழுந்து நிறுக்கும் இடத்திலோ, பீலிக்கரையிலோ, எங்கள் கடை போன்ற ஒரு கடை வாசலிலோ அந்தத் தாயைக் கண்டால் இந்தக் கதையை வாயால் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். அங்கம்மாவின் பெயரைச் சொல்லுங்கள், ஆறாவது நெரையை எப்படி அடுக்கினார் என்று சொல்லுங்கள். கற்கள் எல்லா இடத்திலும் கிடக்கின்றன.